அந்தரக்கார அக்காவும் சவிரியானும்

இருங்கோ எண்டால் இருக்கமாட்டா. அதைத்தான் முதல்ல சொல்லவேணும். எங்கட தகரக் கொட்டில் வாசல்ல ஒரு காலை உள்ளுக்கும் மற்றக் காலை வெளியிலயும் வைச்சுக்கொண்டு நிப்பா. நான் பச்சைப் பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போடுவன். "ஐயோ பிள்ளை, இருக்க நேரமில்லை, நான் இப்ப போயிடுவன்" எண்டுவா. அப்பிடி நிண்ட நிலையிலயே பொழுது சாயும்வரைக்கும் கதைப்பா. அந்தக் கதிரையில அவ குந்தினதை நான் ஒருநாளும் காணேல்லை.

பேர் சொல்லமாட்டன். சொன்னால் அவவுக்குக் காது கேட்டு, ரெலிபோன் எடுத்துப் பேசுவா. தலைமன்னாரில அந்த நேரம் ஆரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. 'அந்தரக்காரி' எண்டுதான் சொல்லுவினம். எங்கட பக்கத்தில அந்தரம் எண்டால் அவசரமும் பதகளிப்பும் ஒண்டாச் சேர்ந்து ஆளைப் போட்டு உலுப்புறது. எனக்கு அவ அக்கா. வேலி இல்லாத அயல் வீடு. சண்டை முடிஞ்சு சனமெல்லாம் திரும்பி வந்து, வீடு வளவெல்லாம் பத்தைக்குள்ள தேடிப்பிடிச்ச காலம் அது.

ஆக்கப் பொறுத்தவன் ஆறவும் பொறுக்கவேணும் எண்டு சனம் சொல்லும். அக்காவுக்கு ஆக்கவே பொறுமையில்லை. திருக்கைக் குழம்பு ஒரு கொதி வந்தால் காணும், சட்டியை இறக்கிப்போடுவா. "மிச்சம் வயித்துக்க வேகும்." அவவின்ர மனிசன் கடலால வந்த பசியில ஒண்டும் பறையாமல் சாப்பிடுவார். பிறகு மெல்ல எங்கட பக்கம் வந்து, "பிள்ளை, கொஞ்சம் இஞ்சித் தண்ணி இருக்கோ?" எண்டு கேப்பார். பாவம் மனிசன், அவரைப் போல சாதுவை நான் இந்தக் கரையில காணேல்லை.

கோயில்லயும் அப்பிடித்தான். சுவாமி செபத்தை முடிக்க முன்னமே அக்காவின்ர ஆமென் வந்திடும். சுவாமி ஒருக்கால் அவவைப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்கோ அம்மா, இன்னும் கடவுளுக்கு நான் சொல்லி முடிக்கேல்லை" எண்டு சொன்னவர். முழுக் கோயிலும் சிரிச்சது. அக்காவும் சிரிச்சா. அடுத்த செபத்துக்கும் முந்திக்கொண்டுதான் ஆமென் சொன்னா.

வீட்டுத்திட்டத்தில அவைக்குக் கல்வீடு கிடைச்சது. கூரை போட்டு முடிஞ்ச கையோட, கதவு யன்னல் ஒண்டும் வர முன்னம், பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளுக்குப் போயிட்டா. "கதவு ஆறுதலா வரட்டும், நாங்கள் முதல்ல போவம்." விடிய எழும்பிப் பார்த்தால் ஊர்க் கழுதை ஒண்டும் உள்ளுக்க படுத்திருந்ததாம். மன்னாரில கழுதைக்கென்ன குறைச்சல்! அக்கா அதைக் கலைக்கவும் இல்லை. "அதுவும் குடிபுகட்டும், நல்லதுதானே" எண்டா.

நான் ஒருநாள் பொறுக்கேலாமல் கேட்டுப்போட்டன். "பதறாத காரியம் சிதறாது எண்டு சொல்லுவினம், அக்கா. ஏன் இப்பிடிப் பறக்கிறியள்?"

"சிதறினால் பொறுக்கலாம்" எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டா.

அவ அப்பிடி ஆனதுக்கு ஞாயம் இருந்தது. சோறு வெந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில பானையை அடுப்பில விட்டிட்டு ஓடின சனம் நாங்கள். அக்கா தாய் தேப்பனோட வள்ளத்தில அக்கரைக்குப் போய், இந்தியாவில முகாமில வளர்ந்து, கலியாணமும் கட்டி, பிள்ளை ரெண்டையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தவ. நிறுவனங்களில இருந்து பெட்டையள் வருவாளவை, 'உங்கட கதையைச் சொல்லுங்கோ' எண்டு. எங்களிட்டை எத்தினை பேர் வந்து கதை எடுத்திருப்பினம்! அக்காவிட்டை வந்த பெட்டை பேனை மூடியைக் கழட்ட முன்னம் கதை முடிஞ்சிட்டுது. "ஓடினம், அங்க இருந்தம், வந்தம். எழுதிப்போட்டியோ, தங்கச்சி? சரி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

நான் அவவுக்கு நேர் எதிர். நான் ஒரு முன்பள்ளி ரீச்சர். சின்னனில இருந்தே எழுத்துப் பைத்தியம். ஒரு வசனத்தை எழுதுவன், வெட்டுவன், திருப்பி எழுதுவன், முதல் எழுதினதே நல்லம் எண்டு அதையே திருப்பி எழுதுவன். அந்த வருசம் பேப்பரில ஒரு நாவல் போட்டி வந்தது. புதுசா எழுதுறவைக்கு மட்டும். முதல் வரைவாய் இருந்தாலும் பரவாயில்லை, தெரிவானால் திருத்தித் தரலாம், புத்தகமா அடிச்சுத் தருவம் எண்டு போட்டிருந்தது. பங்குனி மாதக் கடைசிக்குள்ள தபால் முத்திரை குத்தியிருக்கவேணும். பேப்பரைக் கையில வைச்சுக்கொண்டு முத்தத்தில நிண்டு கூத்தாடினன் எண்டால் பாருங்கோவன். என்ர பேர் போட்ட புத்தகம்! அதைவிட வேற ஒண்டும் எனக்கு அந்த நேரம் வேண்டியிருக்கேல்லை.

கார்த்திகையில தொடங்கினன். தை முடியேக்கையும் முதல் பக்கத்திலதான் நிண்டன்.

ஒருநாள் பின்னேரம் அந்தப் பக்கத்தைச் சத்தமா வாசிச்சுப் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா கருவாட்டு வாடியில வேலை முடிச்சு வந்து வாசல்ல நிண்டதை நான் காணேல்லை. சவிரியான் எண்டு ஒரு ஓட்டி. சனத்தை வள்ளத்தில அக்கரைக்கு ஏத்தி இறக்கிறவன். அவன் வாயில பீடியோட இருட்டுக்க நிண்டு வள்ளம் தள்ளுற இடம் அது.

"பிறகு?" எண்டா அக்கா.

திடுக்கிட்டுப் போனன். "பிறகு இன்னும் எழுதேல்லை, அக்கா."

"எழுதாமல் என்ன செய்யிறாய்?"

"திருத்துறன்."

"எதை?"

"இதைத்தான்."

"தை மாதம் முழுக்க இதையோ!" நெஞ்சில கையை வைச்சா. "வள்ளத்தைக் கடல்ல இறக்காமல் கரையில வைச்சு வர்ணம் பூசிக்கொண்டிருக்கிறியே, பிள்ளை! அந்தாள் தள்ளத் தொடங்கி எவ்வளவு நேரம்! பாவம், கை உளையாதோ?"

அண்டைக்குப் பிடிச்சது சனி. ஒவ்வொரு நாளும் வாடியால வருவா, கருவாட்டு மணத்தோட வாசல்ல நிப்பா, "பிறகு?" எண்டுவா. இல்லையெண்டு சொல்ல வெக்கமா இருக்கும். முன்பள்ளி விட்டு வந்த உடன, சோறும் தின்னாமல் குந்தியிருந்து எழுதத் தொடங்கினன். எழுதினதை அவவுக்கு வாசிப்பன். வாசிச்சு முடிஞ்ச உடன கையை நீட்டுவா. அந்தத் தாளெல்லாத்தையும் பறிச்சுக்கொண்டு போய்த் தன்ர அரிசி வாளிக்குள்ள போட்டு மூடிப்போடுவா.

"அக்கா, நேற்று எழுதினதை ஒருக்கால் தாங்கோவன், ஒரு சொல்லுத்தான் மாத்தவேணும்."

"தரமாட்டன். உனக்குப் பழசைக் கண்டால் புதுசு வராது. கதை முடியட்டும், எல்லாத்தையும் ஒண்டாத் தாறன்."

அழுதும் பார்த்தன், சண்டையும் பிடிச்சன். வாளி வாளிதான். பழசைப் பார்க்கேலாததால என்ன நடந்தது தெரியுமோ? சவிரியான்ர மனிசிக்கு முதல்ல மெற்றில்டா எண்டு பேர் வைச்சனான், மறந்துபோய்ப் பிறகு பிலோமினா எண்டு எழுதிப்போட்டன். அக்கா வாசல்ல நிண்டபடி கண்ணை உருட்டினா. "அவனுக்கு ரெண்டாங் கலியாணம் எப்ப நடந்தது? எனக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லை!"

ஒருக்கால் பவுசர் வண்டியில தண்ணி வருகுது எண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினன். ஒரு அத்தியாயம் கதிரையில கல்லு வைச்சுக் கிடந்தது. திரும்பி வந்து பார்க்கிறன், ஒரு கழுதை நிண்டு ஆறுதலாச் சப்பிக்கொண்டிருக்குது. கல்லை மட்டும் கீழ தள்ளிவிட்டிருந்தது. தலையில கையை வைச்சுக்கொண்டு குழறினன். அதுதான் மெற்றில்டாவோ பிலோமினாவோ, அவள் கரையில நிண்டு வள்ளத்தைத் தேடுற அத்தியாயம். முதல் நாள்தான் அக்காவுக்கு வாசிச்சது; ஒருக்கால் திருத்தித் தாறன் எண்டு காலில விழாத குறையாக் கேட்டு வாங்கி வைச்சிருந்தனான்.

அக்கா ஓடி வந்தா. "திருத்தப் போறன் எண்டு வாங்கினாயே, இப்ப பார், கழுதை திருத்திப்போட்டுது! சரி சரி, மூக்கைச் சிந்து, பேனையை எடு. நான் சொல்லுறன், எழுது." நிண்ட நிலையில முழு அத்தியாயத்தையும் ஒப்புவிச்சா. நான் எழுதினதில பாதிதான் வந்திருந்தது. நான் பாடுபட்டு எழுதின கடல் வர்ணனை ஒண்டையும் காணேல்லை.

"அக்கா, கடல் எங்க?"

"கடலை விட்டிட்டன். கடல் எல்லாருக்கும் தெரியும்தானே."

எனக்குக் கோவம் கோவமாய் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. கடலை அடுத்த நாள் கொஞ்சமாத் திரும்பக் கொண்டுவந்தன்.

தவக்காலம் தொடங்கியிட்டுது. நான் இப்ப பறந்தன். எனக்கே என்னை ஆரெண்டு மட்டுக்கட்டேலாமல் கிடந்தது. நடக்கேக்க வசனம் வரும், பிள்ளையளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்கேக்க வசனம் வரும். சனத்தைப் பத்திரமா அக்கரையில இறக்கிப்போட்டு, சவிரியான் வெறும் வள்ளத்தோட திரும்பி வாறான். மணல் திட்டியளுக்குக் கிட்ட ஒரு பெரிய அலை அடிச்சு வள்ளம் பிரளுது. அந்த இடத்தில அண்டைய தாள் முடிஞ்சுது. அக்கா "பிறகு?" எண்டு கேக்கேல்லை. நான் நிமிர்ந்து பார்த்தன். முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கொண்டு விறுவிறெண்டு போயிட்டா. நல்லா எழுதிப்போட்டன் எண்டு எனக்கு உள்ளுக்க ஒரே சந்தோசம், புளுகம்.

வந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனன். சுவாமி பீடத்தில நிண்டு வழமை போல அண்டைய பூசைக் கருத்தை வாசிச்சார். "இன்றைய திருப்பலி, மரித்த சவிரியானின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது."

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. அதுக்குள்ள முன் வாங்கில இருந்த சவிரியான் அப்பு, எங்கட ஊர் வலைக்காரக் கிழவன், பொல்லை ஊண்டிக்கொண்டு எழும்பியிட்டார். "சுவாமி, நான் இஞ்ச இருக்கிறன்" எண்டார். சத்தமாத்தான் சொன்னார், அவருக்குக் காது மந்தம். சனம் தவக்காலம் எண்டும் பாராமல் கொல்லெண்டு சிரிச்சது.

சுவாமி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆர் இந்தப் பூசை கேட்டது?"

அக்கா எழும்பினா. ஒரு கூச்சமும் இல்லை. "நான்தான், சுவாமி. இது அப்பு இல்லை. வள்ளம் பிரண்டு செத்த ஓட்டி சவிரியான். எங்களை அக்கரையில கொண்டுபோய் விட்டதும் அவன்தான். பீடியைப் பிடிச்சுக்கொண்டு, வாய் திறக்காமல் வந்தவன். இவ்வளவு காலமும் அவன்ர பேர் எனக்குத் தெரியாது. ரீச்சர் எழுதினபிறகுதான் தெரிஞ்சுது, செத்ததும் தெரிஞ்சுது." சொல்லிப்போட்டு என்னைத் திரும்பிப் பார்த்தா. முழுக் கோயிலும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

யேசுவே! நிலம் பிளந்து என்னை விழுங்காதோ எண்டு இருந்தது. பூசை முடிய, கோயில் வாசல்ல வைச்சு அவவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னன். "அக்கா, அது நாவல். சவிரியான் எண்டு ஒரு ஆள் இல்லை. நான் நினைச்சு எழுதினது."

"நினைச்சோ?"

"ஓம் அக்கா. கற்பனை."

"ஒரு ஆளும் இல்லையோ?"

"இல்லை."

ஆர் குற்றம் சொல்லுறது? எங்கட சனத்திட்டை வந்து ஆர் என்னத்தை எழுதினாலும் அது நடந்த கதைதான். வாக்குமூலம், விண்ணப்பம், காணாமல் போனவையின்ர விபரம். இல்லாத ஒருத்தனைப் பற்றிக் குந்தியிருந்து எழுதுறதுக்கு எங்களில ஆருக்கு நேரம் இருந்தது? சுவாமி பக்கத்தில நிண்டு அங்கி குலுங்கச் சிரிச்சார். அக்கா சிரிக்கேல்லை. என்ர கையை விடுவிச்சுக்கொண்டு, முதல் தடவையா, ஆறுதலா நடந்து போனா.

அடுத்த நாள் வரேல்லை. அதுக்கடுத்த நாளும் வரேல்லை. எனக்கு ஒரு வசனமும் ஓடேல்லை. வாசலைப் பார்க்கிறதும் தாளைப் பார்க்கிறதுமா இருந்தன். பங்குனி போய்க்கொண்டிருக்குது, சவிரியான் தண்ணிக்க கிடக்கிறான், நாவல் முடியப்போறதில்லை எண்டு முடிவுகட்டினன். அதைவிட, அந்த மனிசிக்கு அவவின்ர ஓட்டியின்ர பேரைக் குடுத்துப் பிறகு பறிச்சுப்போட்டன் எண்டதுதான் நெஞ்சைப் போட்டு அறுத்தது.

மூண்டாம் நாள் மத்தியானம், வாடியில நிண்ட கோலத்தோட, கையில மீன் செதிலோட ஓடி வந்தா. மூச்சு வாங்கினது. வாசல்ல நிக்கேல்லை, நேர உள்ளுக்கு வந்திட்டா.

"பிள்ளை, அப்ப அவனை ஆரும் கொல்லேல்லைத்தானே?"

"என்னக்கா?"

"ஒரு ஆளும் இல்லையெண்டால், அலை அடிச்சதும் நீதானே? வள்ளத்தைப் பிரட்டினதும் நீதானே?"

"ஓம்…"

"அப்ப அவன் சாகத்தான் வேணுமெண்டு ஒரு சட்டமும் இல்லை! உன்ர கையிலதானே கிடக்கு!" என்ர ரெண்டு தோளையும் பிடிச்சு உலுப்பினா. முகம் பளபளத்தது. "ஏன்ரி இதை எனக்கு முதல்லயே சொல்லேல்லை? நடந்ததை எழுதினால் எழுதினதுதான், ஒண்டும் செய்யேலாது. இது அப்பிடியில்லையே! இப்பிடியும் ஒரு கதை இருக்கெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!"

நாவல் எண்டால் என்ன எண்டு எனக்கும் அண்டைக்குத்தான் தெரிஞ்சுது. ரெண்டு பேரும் நிண்டு பைத்தியக்காரர் மாதிரிச் சிரிச்சம்.

பிறகு அவவை ஆர் பிடிக்கிறது! சவிரியானைக் கரையேத்து, ஒரு கல்வீடு குடு, மெற்றில்டாவையும் பிலோமினாவையும் ஒருத்தியாக்கு, அவன்ர செத்த தாயை உயிரோட கொண்டுவா, எஞ்சின் பூட்டின வள்ளம் ஒண்டு குடு எண்டு நிண்டா. "அப்பிடியெல்லாம் அள்ளிக் குடுக்கேலாது அக்கா, கதை நம்புற மாதிரி இருக்கவேணும்" எண்டு நான் சொல்ல, "நல்லது நடந்தால் உங்களுக்கு நம்பேலாதோ?" எண்டு என்னோட சண்டைக்கு வருவா. அந்தச் சண்டையில எழுத்து குதிரை மாதிரி ஓடினது.

அப்பதான் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற சப் ஏஜென்ற் வந்து சொன்னான், அக்காவுக்கு விசா சரி, குவைத்துக்குப் போகவேணும் எண்டு. வீட்டு வேலைக்கு. மனிசன்ர வள்ளத்துக்கு எஞ்சின் வேணும், மூத்தவளைப் படிப்பிக்கவேணும் எண்டு முந்தியே எழுதிக் குடுத்திருந்தவ. பறக்கிற நாளைப் பார்த்தால், எனக்குத் தபாலில போடவேண்டிய அதே கடைசி நாள். அக்கா அழேல்லை. "முடிவு கேக்காமல் நான் விமானம் ஏறமாட்டன்" எண்டு மட்டும் சொன்னா. அது எனக்குப் போட்டியைவிடப் பெரிய தவணையாய்ப் போச்சுது.

எழுதினன், எழுதினன், விரல் மரக்கும்வரைக்கும் எழுதினன். அந்தக் கடைசி நாள் விடிஞ்சும் கடைசி அத்தியாயம் முடியேல்லை. மத்தியானம் தாண்ட, விமான நிலையத்துக்குப் போற வான் வந்து ஹோர்ண் அடிக்குது. பிள்ளையளைக் கட்டிப் பிடிச்சுக் கொஞ்சி, மாமியாரிட்டைப் பாரம் குடுத்து, மனிசன்ர தலையை ஒருக்காத் தடவிப்போட்டு, அக்கா அரிசி வாளியோட ஓடி வந்தா. தாளெல்லாத்தையும் என்ர மடியில கொட்டினா. "ஏறு!"

"எங்கக்கா?"

"வானில ஏறு! வழியில எழுது. எழுத எழுத வாசி. எங்கயாவது ஒரு தபால் கந்தோரில இறங்கிப் போடு."

நல்ல கொப்பி எழுதுற கதையே இல்லை. றஃப் கொப்பியையே அனுப்பவேண்டியதுதான். வானுக்குள்ள வேற பெண்டுகளும் இருந்தினம். எல்லாரும் குவைத்துக்கு, எல்லாரும் அழுகை. அக்கா ஏறின உடன ஒரு அதட்டுப் போட்டா. "அழுகிறதுக்கு விமானத்தில நேரம் இருக்கு. இப்ப கதையைக் கேளுங்கோ. ஒரு ஓட்டி, பேர் சவிரியான்." வழமை போல ஓட்டமா, கடலை விட்டிட்டு, முழுக் கதையையும் பேசாலை வர முன்னம் சொல்லி முடிச்சா. தோட்டவெளி தாண்டேக்க ஒருத்தரும் அழேல்லை. நான் மடியில வைச்சு ரெண்டு வசனம் எழுதுவன், வாசிப்பன். வான் துள்ளுற துள்ளுக்கு எழுத்தெல்லாம் கோழி கிண்டின மாதிரி. பின்னுக்கு இருந்த ஒரு பெட்டை எட்டிப் பார்த்து, "அவனுக்கு நீந்தத் தெரியும்தானே, ரீச்சர்?" எண்டு கேட்டாள். மன்னார் தபால் கந்தோரைத் தாண்டேக்கையும் நான் எழுதிக்கொண்டிருந்தன். பாலம் போச்சுது, உயிலங்குளம் போச்சுது. சவிரியான் பிரண்ட வள்ளத்தைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறான், தூரத்தில ஒரு வெளிச்சம் தெரியுது, அது வள்ளமோ, சும்மா மீனின்ர மினுக்கமோ எண்டு அவனுக்குத் தெரியேல்லை.

"முருங்கன்!" எண்டார் வான்காரர். "ரீச்சர், உங்க தபால் கந்தோர். பூட்டப் போறாங்கள். இதைவிட்டால் இண்டைக்கு வேற இல்லை."

இன்னும் ஒரு பக்கம் இருந்தது. நான் அக்காவைப் பார்த்தன். "மதவாச்சி மட்டும் வாறன் அக்கா. முடிவைச் சொல்லிப்போட்டு இறங்குறன். போட்டி போனால் போகட்டும்." மனசாரத்தான் சொன்னன். அந்த மனிசியை முடிவு தெரியாமல் அனுப்ப எனக்கு மனமில்லை.

அக்கா ஒரு கணம் என்ர முகத்தைப் பார்த்தா. பிறகு எட்டி வான் கதவைத் திறந்தா.

"இறங்கு."

"அக்கா…"

"இறங்கெடி! பூட்டப் போறாங்கள்!"

"ஐயோ அக்கா, அவனுக்கு என்ன நடந்தது?" எண்டு பெண்டுகள் எல்லாம் குழறினாளவை. "வாயைப் பொத்துங்கோ, பிள்ளைக்கு நேரம் போகுது" எண்டு அவையளை அடக்கிப்போட்டு, என்னைத் தோளில பிடிச்சு வெளியில தள்ளினா. தாள் கட்டை என்ர நெஞ்சோட சேர்த்து அமத்தினா. "ஓடு!" கட்டிப் பிடிக்கவும் விடேல்லை. நான் திரும்பிப் பார்க்க முன்னம் வான் மதவாச்சி றோட்டில போயிட்டுது.

ஓடினன். தபால் கந்தோர் மேசையில முழங்கையை ஊண்டிக்கொண்டு, கண்ணீர் தாளில விழாமல் பார்த்துக்கொண்டு கடைசிப் பக்கத்தை எழுதினன். தபால்காரர் முத்திரைக் கட்டையைக் கையில வைச்சுக்கொண்டு, "தங்கச்சி, தாறியளோ இல்லையோ?" எண்டு நிண்டார். "இந்தா, இந்தா" எண்டு சொல்லிச் சொல்லியே முடிச்சன். அவர் குத்தின முத்திரையின்ர சத்தம்! முடிஞ்சுது! என்ர வாழ்க்கையில முதல்தரமா ஒண்டைத் தொடங்கி முடிச்சுப்போட்டன். முருங்கன் சந்தியில நிண்டு ஒரு சோடா வாங்கிக் குடிச்சன், கையெல்லாம் மை. சிரிக்கிறனோ அழுறனோ எண்டு எனக்கே தெரியேல்லை. பஸ்ஸுக்கு நிண்ட சனம் விலகி நிண்டது.

சவிரியானுக்கு என்ன முடிவு எழுதினன் எண்டு இஞ்ச சொல்லமாட்டன். அதுக்கு ஒரு ஞாயம் இருக்கு.

போட்டி முடிவு பேப்பரில வந்தது. என்ர பேர் இல்லை. முதல் பரிசில இல்லை, ஆறுதல் பரிசில இல்லை, ஒரு இடத்திலயும் இல்லை. தாளை மடிச்சு வைச்சிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தன். இனி எழுதிறதில்லை எண்டு சத்தியமும் பண்ணினன். அந்தக் கிழமையில ஒருநாள் ரெலிபோன் அடிச்சது. வெளிநாட்டு நம்பர்.

"பிள்ளை! கார்ட்டில கொஞ்ச நேரம்தான் கிடக்கு, கெதியாக் கதை. போட்டி என்ன மாதிரி?"

"கிடைக்கேல்லை, அக்கா."

"எதில கிடைக்கேல்லை?"

"ஒண்டும் கிடைக்கேல்லை."

ஓடுற கார்ட்டையும் மறந்து பல்லை நெருமினா.

"வாசிச்சவங்களுக்கு விசர்" எண்டா அக்கா. "அதை விடு. இஞ்ச வெள்ளிக்கிழமையில எங்களைக் கோயிலுக்கு விடுவினம். பூசை முடிய மதிலடியில கூடுவம். வானில வந்தவளவை, மட்டக்களப்புப் பெட்டையள், மலையகத்துப் பெட்டையள் எல்லாரும். கிழமைக்குக் கிழமை சவிரியானைக் கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லிக்கொண்டு வாறன். ஒருத்தி, வீட்டுக்காரியின்ர அடி தாங்கேலாமல் மாடியால குதிக்கப் போறன் எண்டு நிண்டவள். இப்ப வெள்ளிக்கிழமை எப்ப வருமெண்டு இருக்கிறாள். போட்டியாம் போட்டி! நீ அடுத்ததை எழுதத் தொடங்கியிட்டியோ இல்லையோ?"

"அக்கா, அவைக்குச் சொல்லுறதுக்கு முடிவு வேணுமே. நான் சொல்லுறன், கேளுங்கோ. அந்த வெளிச்சம்…"

"சொல்லாத!" எண்டு கத்தினா. "மாதாவே, வாயைத் திறவாத! நீ அந்தரப்படாத, பிள்ளை."

"அப்ப நீங்கள் என்ன முடிவு சொன்னனீங்கள்?"

"முடிவோ? விசரே உனக்கு? அவனை இன்னும் தண்ணிக்கதான் வைச்சிருக்கிறன். எங்கள் எல்லாருக்கும் வேலை அக்ரிமென்ற் முடியட்டும். பிறகு ஒண்டாக் கரையேத்துவம்."